நாற்சந்தியில் ஊன்றிய முக்காலி

1975 ஜூன் 21 அன்று, அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீபன் ஷோர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெவர்லி பூல்வார்டும் லா பிரியா அவென்யூவும் சந்திக்கும் நாற்சந்தியில் முக்காலியை ஊன்றி ஒரு படம் எடுத்தார். ஒரு பெட்ரோல் பங்க், செவ்ரான் நிறுவனத்தின் பலகையைத் தாங்கிய உயரமான கம்பம், சிக்னல் விளக்குகள், மின்கம்பிகள், சில கார்கள், தொலைவில் குறுகிக்கொண்டே போய் ஒரு புள்ளியில் மறையும் சாலை ஆகியவைதாம் அதில் இருக்கின்றன. விபத்து இல்லை, ஊர்வலம் இல்லை, பெயர் தெரிந்த மனிதர் எவரும் இல்லை. அந்த வட்டாரத்தில் வசிப்பவர்கள் நாள்தோறும் கடந்து சென்று, ஒரு முறைகூட நின்று பார்த்திராத இடம் அது. இன்றைக்கு அந்தப் படம், 20ஆம் நூற்றாண்டுப் புகைப்படக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் படங்களுள் ஒன்றாக இருக்கிறது.

இத்தகைய படங்களை முதன்முதலாகப் பார்க்கும் எவருக்கும், "இதில் என்ன இருக்கிறது, இதை நானும் எடுத்திருப்பேனே" என்று தோன்றுவது இயல்பு. அந்தக் கேள்வியை ரசனைக் குறைவு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. மலை, கோயில், அழகிய முகம் ஆகியவற்றைப் படமெடுக்கும்போது, பார்ப்பவர் பாராட்டுவது எதிரில் இருந்த பொருளையா, எடுத்தவரின் திறமையையா என்று பிரித்துச் சொல்வது கடினம். பெட்ரோல் பங்க்கில் அந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை. பொருள் தன் பங்குக்கு எந்த அழகையும் கொண்டுவரவில்லை என்பதால், படத்தில் ஏதேனும் கலை இருக்குமானால், அது எடுத்தவர் எங்கே நின்றார், எப்போது எடுத்தார், சட்டகத்தின் ஓரத்தில் எதை வைத்துக்கொண்டார், எதை வெட்டினார் என்ற முடிவுகளில்தான் இருந்தாக வேண்டும். நகரத்தின் சாதாரண இடங்களைப் படமெடுத்தவர்களின் வரலாறு, அந்த முடிவுகள் தாமே கலையாகுமா என்ற கேள்வியின் வரலாறாகவே இருக்கிறது.

ஷோரின் படத்துக்குத் திரும்புவோம். அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், நெரிசலாகத் தெரிந்த பொருள்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்தில் வந்து நிற்கும். அருகில் இருக்கும் கம்பம் மேலும் கீழுமாகப் படத்தைப் பகுக்கிறது. சாலையின் ஓரங்களும் கம்பிகளும் கண்ணை உள்ளே இழுத்துச் சென்று, வெகுதூரத்தில் ஒரே இடத்தில் விடுகின்றன. அருகே உள்ள பொருளுக்கும் தூரத்தில் உள்ள பொருளுக்கும் இடையே எப்போதும் ஒரு சிறு இடைவெளி விடப்பட்டிருக்கிறது. புகைப்படம் முப்பரிமாண உலகைத் தட்டையாக்கிவிடுவதால், முன்னே இருக்கும் கம்பமும் நூறு அடி பின்னால் இருக்கும் பலகையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே பொருளாகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. கேமராவை ஒரு சாண் நகர்த்தினால் சில பொருள்கள் பிரியும். வேறு சில போய் ஒட்டிக்கொள்ளும். இத்தனை கம்பங்களும் பலகைகளும் உள்ள ஒரு நாற்சந்தியில், அவ்வளவையும் தனித்தனியாக நிற்க வைக்கும் இடம் ஒன்றிரண்டுதான் இருக்க முடியும். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் உழைப்பு படத்தில் வெளியே தெரிவதில்லை. படம் இயல்பாகத் தோன்றுவதே அந்த உழைப்பின் பயன்.

இதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தன் படம் அளவுக்கு மீறி ஒழுங்காக அமைந்துவிட்டதோ என்று ஷோருக்கு ஐயம் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் நிலக்காட்சி ஓவியர்கள் கையாண்ட அமைப்பு முறையை, 20ஆம் நூற்றாண்டு நாற்சந்தியின் மேல் தான் வெளியிலிருந்து சுமத்திவிட்டதாக அவர் நினைத்தார். மறுநாள், ஜூன் 22 அன்று, அதே நாற்சந்திக்குத் திரும்பிச் சென்று வேறோர் இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்தார். அதில் எல்லாக் கோடுகளும் ஒரு புள்ளியை நோக்கி ஓடும் அந்த இறுக்கம் இல்லை. இடம் தன் போக்கில் கிடக்க, பார்ப்பவர் அதற்குள் நடந்து போகலாம் போல இருக்கிறது. எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு தெருமுனைக்காக, தான் எடுத்த வெற்றிகரமான படத்தையே ஒருவர் சந்தேகித்து மறுநாளும் போய் நின்றார் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, "நானும் எடுத்திருப்பேனே" என்ற கூற்று வலுவிழந்துவிடுகிறது.

அவர் பயன்படுத்திய கருவிக்கும் இதில் பங்குண்டு. 1972இல் நியூயார்க்கிலிருந்து காரில் கிளம்பி நாட்டைச் சுற்றியபோது, ரோலை 35 என்ற சட்டைப்பைக்குள் அடங்கும் கேமராவில், தான் உண்ட உணவு, படுத்த கட்டில், சந்தித்த மனிதர்கள் என்று கண்டதையெல்லாம் எடுத்தார். அந்தப் படங்களைச் சாதாரணக் கடைப் பிரிண்டுகளாகவே சுவரில் வரிசையாக ஒட்டிக் காட்சிக்கு வைத்தார். அடுத்த ஆண்டு பெரிய கேமராவுக்கு மாறினார். விரைவில் 8 அங்குலத்துக்கு 10 அங்குலம் அளவுள்ள ஃபிலிம் தாளைப் பயன்படுத்தும், துருத்தி வைத்த கேமராவுக்கு வந்து சேர்ந்தார். அந்தத் தாளின் பரப்பு 35 மில்லிமீட்டர் ஃபிலிமைப் போல் சுமார் 60 மடங்கு. முக்காலியில் ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, மங்கல் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்துத்தான் படத்தை அமைக்க வேண்டும். தலைகீழாகத் தெரிவது ஒரு தடை என்று நினைக்கலாம். அதனால் ஒரு நன்மையும் உண்டு. பங்க் பங்க்காகவும் கார் காராகவும் தெரிவது குறைந்து, நிறமும் கோடும் இடைவெளியும் முன்னே வருகின்றன. ஒவ்வொரு தாளுக்கும் ஆகும் செலவை எண்ணி, ஒரு காட்சிக்கு ஒரே படம் என்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். ஆகவே, எடுத்துத் தள்ளிவிட்டுப் பிறகு பொறுக்கிக்கொள்வோம் என்ற எண்ணத்துக்கே இடமில்லாமல் போய், எடுப்பதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டியதாயிற்று. இந்தக் கேமராவில் எடுத்த தொடரின் படங்கள் 1982இல் புத்தகமாக வந்தபோது, தலைப்புகளில் தெருவின் பெயர், ஊர், மாநிலம், தேதி ஆகியவை மட்டுமே இருந்தன. பார்ப்பவருக்கு எந்த உணர்ச்சியையும் தலைப்பு முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த வழி ஷோருக்கு முன்பே போடப்பட்டது. அதைப் போட்டவர் தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளாத ஒரு பாரிஸ்காரர். 1857இல் பிறந்த எழேன் அட்ஜே, நாடக நடிகராக இருந்து, அதில் நிலைக்க முடியாமல், 1890களில் புகைப்படத்துக்கு வந்தவர். தன் வீட்டு வாசலில் "கலைஞர்களுக்கான ஆவணங்கள்" என்று பலகை மாட்டியிருந்தார். ஓவியர்களுக்குப் பார்த்து வரைய மாதிரிகள், நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் மறைந்துவரும் பழைய பாரிஸின் பதிவுகள் என்று விற்றுப் பிழைத்தார். 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகள், மரக் கேமரா, முக்காலி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, தெருக்களில் நடமாட்டம் தொடங்குமுன் விடியற்காலையில் புறப்பட்டுவிடுவார். கதவின் இரும்புக் கைப்பிடி, மாடிப்படி, முற்றம், கடை முகப்பு, நகர எல்லையில் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களின் குடிசை என்று அவர் விட்டுவைத்தது மிகக் குறைவு. தகட்டில் பதிய நேரம் பிடித்ததால், அந்த நேரத்தில் குறுக்கே நடந்தவர்கள் சில படங்களில் புகைபோல நிற்கிறார்கள்.

அவர் 1925இல் கோப்லாங் அவென்யூவில் எடுத்த ஒரு கடைக் கண்ணாடியின் படத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கான ஆயத்த உடைகள் விற்கும் கடை; பொம்மைகள் கோட்டு சூட்டு அணிந்து, விலைச் சீட்டுகளோடு நிற்கின்றன. எதிர்ப்புறத்துக் கட்டடமும் மரங்களும் கண்ணாடியில் பிரதிபலித்து, பொம்மைகளின் மேலேயே படிந்திருக்கின்றன. கடைக்கு உள்ளே இருப்பது எது, தெருவுக்கு வெளியே இருப்பது எது என்ற எல்லை அழிந்துபோய், புன்னகைக்கும் பொம்மைகள் மரக்கிளைகளுக்கு நடுவே நிற்பதுபோல் தோன்றுகிறது. கடையின் பதிவு மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் பிரதிபலிப்பை ஒரு குறை என்று கருதித் தவிர்க்க முயன்றிருக்கலாம். அட்ஜே அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார். தெரிந்து செய்தாரா என்று கேட்பவர்கள் உண்டு. பல ஆண்டுகளாகக் கடைக் கண்ணாடிகளின் முன் முக்காலி ஊன்றிய மனிதருக்கு, கண்ணாடி என்ன செய்யும் என்பது தெரியாமல் இருந்திருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

அவரை முதலில் கண்டுகொண்டவர்கள், அவர் குடியிருந்த அதே தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த புகைப்படக் கலைஞர் மான் ரேயும், அவரைச் சுற்றியிருந்த, கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்க முயன்ற சர்ரியலிஸ்டுகளும். 1912இல் சூரிய கிரகணத்தன்று பாஸ்டீல் சதுக்கத்தில் கூடி அண்ணாந்து பார்த்த கூட்டத்தை அட்ஜே எடுத்த படம், 1926 ஜூன் மாதம் அவர்களுடைய இதழின் அட்டையில் வந்தது. கிரகணம் படத்தில் இல்லை. பார்ப்பவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். தன் பெயரைப் போட வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள்தாம் என்று அட்ஜே கேட்டுக்கொண்டார். 1927இல் அவர் இறந்த பிறகு, மான் ரேயிடம் உதவியாளராக இருந்த பெரெனிஸ் ஆபட், எஞ்சியிருந்த ஆயிரக்கணக்கான பிரிண்டுகளையும் தகடுகளையும் வாங்கி, சுமார் 40 ஆண்டுகள் காப்பாற்றி, 1968இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திடம் சேர்ப்பித்தார். இடைப்பட்ட காலத்தில் நியூயார்க்கின் தெருக்களைத் தானே அதே பொறுமையோடு படமெடுத்தார். ஒருவர் ஆவணம் என்று விற்றதை மற்றொருவர் கலை என்று ஏந்திக்கொண்டது வெறும் பெயர் மாற்றம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த முடிவுகள் தகட்டில் ஏற்கெனவே இருந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்த கண்கள் பிறகு வந்தன.

ஆவணமா கலையா என்ற இந்தச் சிக்கலைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ். கொலை நடந்த இடத்தைக் காவல்துறை எடுக்கும் படம் ஆவணம், ஏனெனில் அதற்கு ஒரு பயன் உண்டு. கலைக்கு அப்படிப்பட்ட பயன் கிடையாது. ஆனால் கலை அந்த ஆவணத்தின் நடையை மேற்கொள்ளலாம் என்பது அவருடைய விளக்கம். தன் வேலையை ஆவண நடை என்றே அவர் அழைத்தார். 1938இல் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. முடிதிருத்தும் கடை, விளம்பரச் சுவரொட்டி, சிறு நகரத்தின் முதன்மைத் தெரு எல்லாம் அதில் அலங்காரமில்லாமல் நேருக்கு நேராக நின்றன. ஷோர் சிறுவயதிலேயே எவன்ஸின் படங்களைப் பார்த்து வளர்ந்தவர் என்பதை அறிந்தால், லா பிரியா நாற்சந்தியின் நிதானம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

எவன்ஸிடம் இல்லாமல் ஷோரிடம் இருந்தது வண்ணம். 1970களின் தொடக்கத்தில் வண்ணம் என்பது விளம்பரத்துக்கும், வார இதழ்களுக்கும், குடும்ப ஆல்பத்துக்கும் உரியது. கலை என்றால் கறுப்பு வெள்ளை என்பது பெரும்பாலான அருங்காட்சியகங்களின் எழுதப்படாத விதி. கறுப்பு வெள்ளை, பொருளை உடனே அன்றாடத்திலிருந்து ஒரு படி விலக்கி வைத்துவிடுகிறது. வண்ணத்தில் அந்த விலகல் கிடைக்காது. சிவப்புப் பலகை தெருவில் எப்படிச் சிவப்பாக இருக்குமோ அப்படியே படத்திலும் இருக்கும். அதனால்தான் 1976இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டனின் 75 வண்ணப் படங்களை, நவீனக் கலை அருங்காட்சியகத்தின் புகைப்படப் பிரிவு இயக்குநர் ஜான் சார்கோவ்ஸ்கி அங்கே வைத்தபோது எதிர்ப்பு எழுந்தது. அந்த அருங்காட்சியகத்தில் அதற்கு முன்பும் வண்ணப் படங்கள் காட்டப்பட்டிருந்தன என்றாலும், இந்த அளவுக்குச் சாதாரணமானவை காட்டப்படவில்லை. சார்கோவ்ஸ்கி இவற்றைக் கச்சிதமானவை என்று சொல்லியிருந்தார். கச்சிதமான சாதாரணம், கச்சிதமான சலிப்பு என்று நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஹில்டன் கிரேமர் பதிலுக்கு எழுதினார். மெம்பிஸ் நகரின் புறநகர்த் தெருவில் நிற்கும் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் அந்தப் படங்களுள் ஒன்று. எகிள்ஸ்டன் கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்ததால், சைக்கிள் பின்னாலிருக்கும் வீட்டைவிட உயர்ந்து நிற்கிறது. அதன் சக்கரங்களுக்கு இடையே, எதிர்வீட்டுக் கொட்டகையில் நிற்கும் கார் சிறியதாகத் தெரிகிறது. பெரியவர்களின் உடைமைகள் எல்லாம் குழந்தையின் உடைமைக்குக் கீழே போய்விட்டன. சைக்கிளையோ வீட்டையோ அவர் தொடவில்லை. தன் முழங்காலை மட்டும் மடக்கினார்.

இதற்கு முந்தைய ஆண்டு, 1975 அக்டோபரில், ராச்செஸ்டர் நகரிலுள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் மாளிகையில் வில்லியம் ஜென்கின்ஸ் பத்துப் புகைப்படக்காரர்களின் 168 படங்களைக் கொண்டு ஒரு கண்காட்சி அமைத்திருந்தார். மனிதன் மாற்றிவிட்ட நிலத்தின் படங்கள் என்பது அதன் பொருள். புதிதாக முளைத்த வீட்டு வரிசைகள், தொழிற்பேட்டைச் சுவர்கள், வாகன நிறுத்துமிடங்கள் ஆகியவையே அதில் நிலக்காட்சியாக வந்தன. பத்துப் பேரில் ஷோர் ஒருவரே வண்ணத்தில் எடுத்திருந்தார். அமெரிக்காவில் நிலக்காட்சி என்றால் ஆன்சல் ஆடம்ஸின் பனிமலைகள் நினைவுக்கு வந்த காலம் அது. அந்தக் கண்காட்சியில் இடம்பெற்ற ஜெர்மானியத் தம்பதி பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் இருவரும் நீர்த்தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும், நிழல் விழாத மேகமூட்ட நாள்களில், ஒரே உயரத்திலிருந்து எடுத்து வரிசை வரிசையாக அடுக்கியவர்கள். ஒரு நீர்த்தொட்டியைப் பார்த்தால் நீர்த்தொட்டிதான். பதினைந்தைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வந்துவிடுகிறது. 1990 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் அவர்களுக்குச் சிற்பத்துக்கான பரிசு வழங்கப்பட்டது. 1963இல் 26 பெட்ரோல் பங்க்குகளின் படங்களைச் சிறு புத்தகமாக்கிய அமெரிக்கக் கலைஞர் எட் ரூஷேயும் இந்த வரலாற்றில் பேசப்படுகிறார். அவருக்குப் படத்தின் அமைப்பு பொருட்டல்ல, அப்படியொரு புத்தகம் என்ற எண்ணமே பொருட்டு; ஆகையால் அவர் நம் கேள்விக்குச் சற்றுத் தள்ளியே நிற்கிறார்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. இந்தப் படங்கள் இன்று நம்மைக் கவர்வதற்குக் காலம் ஒரு காரணம் அல்லவா? அந்தக் கார்களும் எழுத்துருக்களும் மறைந்துபோனதாலேயே படத்துக்கு ஓர் ஏக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தப் பழைய தெருப்படத்துக்கும் அது கிடைக்குமே என்பது வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால், ஷோர் 1971இல் டெக்சஸ் மாநில அமரில்லோ நகரின் சாதாரணக் கட்டடங்களைத் தபால் அட்டைகளாகவே அச்சடித்தவர். ஊர் பெயரை அட்டையில் குறிப்பிடவில்லை; விற்காமல் போன அட்டைகளைத் தான் பயணம் செய்த ஊர்களில் கடைகளின் தபால் அட்டைத் தட்டிகளில் தானே செருகிவைத்தார். தபால் அட்டைக்காரரின் தெருப்படமும் கலைஞரின் தெருப்படமும் எவ்வளவு நெருக்கமானவை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். பழைய தபால் அட்டையில் நம் கண் காரைப் பார்த்துவிட்டு வெளியேறிவிடும். லா பிரியா படத்தில் காரைப் பார்த்து முடித்த பிறகும் கண் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது. காரணம், ஓரத்தில் வெட்டப்பட்ட பலகை வரை எல்லாவற்றுக்கும் அங்கே வேலை இருக்கிறது. ஏக்கம் கழிந்த பிறகும் எஞ்சுவது அதுதான்.

நம் நாட்டில் இந்தத் திசையில் மிகத் தொலைவு சென்றவர் ரகுபீர் சிங். 1942இல் ஜெய்ப்பூரில் பிறந்து 1999இல் மறைந்த அவர், மேற்கே வண்ணம் மதிக்கப்படாத 1960களின் இறுதியிலேயே வண்ணத்தில் எடுக்கத் தொடங்கியவர். இந்தியாவைக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பது இந்தியப் பார்வையாகாது என்பது அவருடைய உறுதி. அமெரிக்கரின் சிக்கல் வெறுமை. நம் தெருவின் சிக்கல் நெரிசல். நம் தெருவில் கேமராவைத் தூக்கினால் மனிதர்கள் நிறைந்துவிடுகிறார்கள். முகமும் சைகையும் படத்தைப் பிடித்துக்கொள்ள, இடம் வெறும் பின்னணியாகச் சுருங்கிவிடுகிறது. 1991இல் ஹௌராவில் நடைபாதைக் கண்ணாடிக் கடையை அவர் எடுத்த படத்தில், விற்பனைக்கு வைத்த முகம் பார்க்கும் கண்ணாடிகள் ஒவ்வொன்றும் தெருவின் ஒவ்வொரு துண்டை ஏந்தி நிற்கின்றன. நெரிசலைக் குறைக்காமல், அதைச் சட்டங்களுக்குள் பிரித்து வைக்கும் வழியை அந்தக் கடையே அவருக்குக் கொடுத்துவிட்டது. அம்பாசடர் காரின் கதவுகளையும் கண்ணாடிகளையும் கொண்டு அவர் எடுத்த தொடரிலும் இதே தீர்வைக் காணலாம். காரின் சட்டங்கள் தெருவைப் பகுத்துத் தருகின்றன.

இவற்றையெல்லாம் படித்த பிறகு, எங்கள் தெருமுனையை ஒரு மாலையில் கைபேசியோடு போய்ப் பார்த்தேன். ஒரு தேநீர்க் கடை, அதையொட்டி மின்மாற்றி, பின்னால் பாதி கிழிந்த சுவரொட்டிகள் ஒட்டிய மதில். முதலில் நின்ற இடத்திலிருந்து பார்த்தபோது மின்மாற்றியின் கம்பம் கடைப் பலகையின் நடுவே ஏறி நின்று, இரண்டையும் ஒரே குவியலாக்கியது. இடப்பக்கம் இரண்டு அடி நகர்ந்ததும் கம்பம் பலகையை விட்டு விலகியது. நடுவே ஒரு கையகலம் வானம் தெரிந்தது. அந்த இடைவெளியில், மதிலுக்கு அப்பாலுள்ள வீட்டு மொட்டைமாடியும் அதில் உலரும் ஒரு நீலப் புடவையும் முதன்முறையாகக் கண்ணில் பட்டன. பல ஆண்டுகளாக நான் தேநீர் குடித்துவரும் இடம் அது.